ஒரே கூட்டல், இரண்டு விடை

2011 ஜனவரியில் பிஎச்பி மொழியில் ஓடிக்கொண்டிருந்த இணையதளங்களுக்கு வினோதமான ஒரு தொல்லை வந்தது. 2.2250738585072011 என்று எழுதி, அதை 10-இன் மைனஸ் 308-ஆவது அடுக்கால் பெருக்கினால் கிடைக்கும் எண்; பூஜ்ஜியத்தை ஏறக்குறைய தொட்டுக்கொண்டிருப்பது. இந்த ஓர் எண்ணைப் பிஎச்பியிடம் கொடுத்தால் விடையும் வராது, பிழைச் செய்தியும் வராது. பிராசசரை முழுசாகப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். யாரோ ஒருவர் ஒரு படிவத்தில் இதைத் தட்டிவிட்டாலே சர்வர் திணறக்கூடும்.

அதே சோர்ஸ் கோடை 64 பிட் கணினிக்குக் கம்பைல் செய்தால் ஒழுங்காக ஓடியது. 32 பிட் இன்டெல் வகைக்குக் கம்பைல் செய்தால்தான் இந்தச் சுழற்சி. சிக்கிய பகுதியும் சாதாரணமானதல்ல. எழுத்தாக வரும் எண்ணை மெஷின் எண்ணாக மாற்றுவதற்குப் பெல் லேப்ஸில் இருந்த டேவிட் கே எழுதியது, பல மொழிகள் அப்படியே எடுத்துக்கொண்டது. அதன் கணக்கில் தவறே இல்லை. கடைசியில் செய்த திருத்தம் என்ன தெரியுமா? ஒரு மாறிக்கு முன்னால் ‘வாலட்டைல்’ என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். சரியாகிவிட்டது.

கணக்கில் தவறில்லை, ஆனாலும் விடை வரவில்லை, ஒரு சொல் சேர்த்ததும் வந்துவிட்டது. இது எப்படி நடக்கும் என்று நிதானமாகப் போய்ப் பார்ப்போம். டீயைக் கையில் வைத்துக்கொண்டே பார்க்கலாம், அவசரம் இல்லை.

மண்டி ஒன்றில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்வோம். அவருடைய பேரேட்டில் ஒரு தொகை எழுத நான்கே கட்டங்கள். புள்ளியை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், 1234, 12.34, 0.001234 எல்லாம் எழுதலாம். ஆனால் 1000.4 எழுத முடியாது, அதற்கு ஐந்து கட்டம் வேண்டும். எனவே பக்கத்தில் உள்ள 1000 என்று எழுதிவிடுவார். இதைத்தான் ரவுண்ட் செய்வது என்கிறோம். கணினியின் ‘டபுள்’ வகை எண்ணும் இப்படித்தான். மொத்தம் 64 பிட். அதில் எண்ணின் இலக்கங்களுக்கு 53 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1. மிச்சம் உள்ளவை கூட்டலா கழித்தலா என்ற குறிக்கும், புள்ளி எங்கே என்ற தகவலுக்கும். 53-ஐயும் மிச்சத்தையும் கூட்டினால் ஒன்று அதிகமாக வருகிறதே என்று விரல்விட்டுப் பார்ப்பவர்களுக்கு: முதல் கட்டத்தில் வழக்கமாக 1-தான் வரும் என்பதால் அதை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் ஒரு தப்பான எண்ணம் உண்டு. புள்ளி வைத்த எண் என்றாலே கணினியில் அது தோராயம்தான், கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், கடைசி இலக்கங்களில் அது பாட்டுக்கு ஆடும் என்று நினைக்கிறோம். பல வருஷம் கோடு எழுதியவர்களும் இப்படிச் சொல்லக் கேட்கலாம். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறதே, அதைப் பார்த்து வந்த எண்ணம் இது.

உண்மையில் கணினிக்குள் எந்த எண்ணும் மங்கலாக இல்லை. 0.1 என்று நாம் எழுதியது இரண்டின் அடுக்குகளில் அடங்காது. ஆகவே அதற்கு மிக அருகில் உள்ள ஒரு குறிப்பிட்ட எண் உள்ளே போய் உட்காருகிறது. அது 0.1000000000000000055511 என்று தொடங்கி ஓர் இடத்தில் முடிந்துவிடும், துல்லியமான ஒரே எண். அதன்பின் நடக்கும் கூட்டல் கழித்தலும் அப்படியே. சரியான விடையைக் கண்டுபிடி, அதற்கு மிக அருகில் உள்ள எழுதக்கூடிய எண்ணை எழுது, இரண்டு எண்கள் சம தூரத்தில் இருந்தால் இரட்டைப்படையில் முடிவதை எடு: இதுதான் வழக்கமான விதி. 1985-இல் வந்த ஐஇஇஇ 754 என்ற தரநிலையில் இது இருக்கிறது. அதற்குப் பின்னால் முக்கியமாக நின்றவர் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் வில்லியம் காஹன். 1989-க்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. விதிப்படி நடந்தால், டபுளில் a, b இரண்டைக் கூட்டும் விடை சென்னையிலும் சியாட்டிலிலும் கடைசி பிட் வரை ஒன்றுதான். ரவுண்ட் ஆவது உண்மை. ஆனால் எப்படி ரவுண்ட் ஆகும் என்பது முன்கூட்டியே தெரிந்தது.

‘சரி, தெரிந்தால் என்ன?’ என்று கேட்கலாம். எண் கணித லைப்ரரி எழுதுகிறவர்கள் பிழைப்பு நடத்துவதே இந்தத் தெரிந்ததை வைத்துத்தான். காஹனே 1965-இல் வெளியிட்ட ஒரு கூட்டல் முறையை நம் நான்கு கட்டப் பேரேட்டில் போட்டுப் பார்ப்போம். கையில் 1000 இருக்கிறது. 0.4-ஐ ஐந்து தடவை சேர்க்க வேண்டும். சும்மா கூட்டினால் என்ன ஆகும்? 1000.4 எழுத இடமில்லை, 1000 என்று விழும். மறுபடி 0.4, மறுபடி 1000. ஐந்து தடவை கூட்டினாலும் 1000. வந்த காசு முழுக்கப் போயிற்று.

காஹன் முறையில் ‘பிசகு’ என்று ஒரு சின்னத் துண்டுச்சீட்டு பக்கத்தில் இருக்கும். புதிய தொகையிலிருந்து முதலில் பிசகைக் கழித்துக்கொள். அதைப் பழைய மொத்தத்தோடு சேர்த்துப் புதிய மொத்தம் எழுது. புதிய மொத்தத்தில் பழைய மொத்தம் கழித்து, அதில் நீ சேர்த்ததையும் கழி. வருவது அடுத்த பிசகு. முதல் சுற்று: 1000-உடன் 0.4, எழுதியது 1000. பிசகு, 1000-இல் 1000 போக 0, அதில் 0.4 போக மைனஸ் 0.4. இரண்டாம் சுற்று: 0.4-இல் மைனஸ் 0.4 கழித்தால் 0.8, 1000.8 ரவுண்ட் ஆகி 1001; பிசகு 1-இல் 0.8 போக 0.2. மூன்றாவது: 0.4-இல் 0.2 போக 0.2, 1001.2 என்பது 1001 என்று விழும். பிசகு மைனஸ் 0.2. நான்காவது: 0.6 சேர்த்து 1001.6, அதாவது 1002, பிசகு 0.4. ஐந்தாவது: 0.4-இல் 0.4 போக 0. மொத்தம் 1002, பிசகு 0. ஐந்து நாற்பது பைசாவும் ஒரு பைசா குறையாமல் வந்து சேர்ந்துவிட்டது.

இப்போது கம்பைலரை உள்ளே விடுவோம். கம்பைலர் என்பது நாம் எழுதிய வரிகளைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் புரோகிராம். ஜிசிசி, கிளாங், இன்டெல் கம்பைலர், மைக்ரோசாஃப்ட் கம்பைலர் என்று பல உண்டு. மாற்றும்போதே வேகம் கூட்டவும் பார்க்கும். அதற்கு ‘ஃபாஸ்ட்-மேத்’ என்ற அனுமதியைக் கொடுத்துவிட்டால், பள்ளிக்கூட இயற்கணிதம் செல்லும் என்று எடுத்துக்கொள்ளும். பிசகு வரியைப் பார்க்கும்: பழைய மொத்தமும் தொகையும் கூட்டியதில் பழைய மொத்தத்தைக் கழித்து, தொகையையும் கழித்தால் என்ன மிஞ்சும்? பூஜ்ஜியம். எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஆகவே அந்த வரியையே அழித்துவிடும். நாம் எழுதிய காஹன் கூட்டல் சத்தமில்லாமல் சாதாரணக் கூட்டலாகிவிடும்.

ஜிசிசியில் இந்த அனுமதியை நாம் கேட்டு வாங்க வேண்டும். இன்டெல் கம்பைலரோ நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் வேகமான போக்கையே எடுத்துக்கொள்ளும். ஜிசிசியில் சோதித்துத் தேர்வான லைப்ரரி இன்டெல் கம்பைலரில் தடுமாறுவதற்கு இது அடிக்கடி காணப்படும் காரணம். ‘கம்பைலரில் பக்’ என்று புகார் எழுதும் முன் அதன் கையேட்டில் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவது நல்லது.

ஃபாஸ்ட்-மேத்துக்கு இன்னொரு குணம் உண்டு; இது இன்னும் விஷமமானது. ‘எண்ணே அல்லாதது’ என்று ஒரு விசேஷ மதிப்பு இருக்கிறது, நேன் என்பார்கள். மைனஸ் எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டால் வருவது. ஃபாஸ்ட்-மேத்தில் நேன் வரவே வராது என்று கம்பைலர் நம்பிக்கொள்ளும். எனவே ‘இது நேனா?’ என்று நாம் எழுதிவைத்த சோதனைக்கு ‘இல்லை’ என்ற பதிலை நிரந்தரமாகப் போட்டுவிடும். காவலுக்கு நிறுத்திய வரியே காணாமல் போய்விடுகிறது.

அதோடும் நிற்பதில்லை. இந்த அனுமதியோடு பழைய ஜிசிசியில் ஒரு பகிர்வு லைப்ரரியை உருவாக்கினால், அது லோடு ஆகும்போது சிப்பின் ஓர் அமைப்பையும் மாற்றிவிட்டுப் போகும். மிகமிகச் சிறிய எண்களை இனி பூஜ்ஜியமாக எடுத்துக்கொள் என்று. அந்த மாற்றம் அந்த லைப்ரரிக்கு மட்டும் அல்ல, அதை லோடு செய்த இழையில் ஓடும் மற்ற எல்லாக் கோடுக்கும். பைத்தான் பேக்கேஜ்கள் சில இப்படிக் கூட இருப்பவர்களின் கணக்கையும் மாற்றிக்கொண்டிருந்தது 2022-இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2023-இல் வந்த ஜிசிசி 13, பகிர்வு லைப்ரரிகளுக்கு இதைச் செய்வதை நிறுத்தியது. என்னைக் கேட்டால் இருபது வருஷம் முன்பே நிறுத்தியிருக்கலாம்.

இனி பிஎச்பிக்கு வருவோம். அங்கே யாரும் ஃபாஸ்ட்-மேத் கேட்கவில்லை. சிக்கல் சிப்பிலேயே இருந்தது. 1980-இல் இன்டெல் கொண்டுவந்த 8087 என்ற கணக்குச் சிப்பும் அதன் வாரிசுகளும் எண்களை உள்ளே 80 பிட்டில் வைத்துக்கொள்ளும். இலக்கங்களுக்கு 64 கட்டங்கள். நம் கணக்குப்பிள்ளை பேரேட்டில் நான்கு இலக்கம் எழுதினாலும் மனக்கணக்கில் ஆறு இலக்கம் வைத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். அந்த மனக்கணக்குக்கு இடம், சிப்பில் உள்ள ரெஜிஸ்டர்கள், மொத்தம் எட்டு. எட்டும் நிரம்பிவிட்டாலோ, வேறு வேலைக்குக் கூப்பிட்டாலோ, மனதில் இருப்பதைப் பேரேட்டில், அதாவது மெமரியில், இறக்கி வைப்பார். இறக்கும்போது கூடுதல் இலக்கங்கள் உதிர்ந்துவிடும்.

கூடுதல் இலக்கம் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். தொந்தரவு என்னவென்றால், எப்போது இறக்கி வைப்பது என்பதைக் கம்பைலர் தன் சௌகரியப்படி முடிவு செய்கிறது. ஒரே மாறி ஒரு வரியில் ஆறு இலக்கத்தோடும் அடுத்த வரியில் நான்கு இலக்கத்தோடும் இருக்கும். ‘x-உம் y-உம் சமமா?’ என்று இப்போது கேட்டால் ஒரு பதில், அடுத்த நிமிஷம் கேட்டால் வேறு பதில். டேவிட் கேயின் கோடு ஓர் எண்ணை ஊகித்து, சரிபார்த்து, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி சரிபார்ப்பது. ரெஜிஸ்டரில் இருந்த மதிப்பும் மெமரியில் இறங்கிய மதிப்பும் வேறாக இருந்ததால், அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் ‘போதும்’ என்ற நிலை வரவே இல்லை. ‘வாலட்டைல்’ என்ற சொல் கம்பைலரிடம் சொல்வது இதுதான்: இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொள்ளாதே, ஒவ்வொரு தடவையும் பேரேட்டில் எழுது, அங்கிருந்தே படி.

கோடு எழுதுகிறவர்களைப் பைத்தியமாக்கும் ஒரு பழைய அனுபவத்துக்கும் இங்கே விளக்கம் கிடைக்கிறது. விடை தப்பாக வருகிறதே என்று நடுவில் ஒரு பிரின்ட் வரி போட்டுப் பார்ப்பார்கள். உடனே விடை சரியாகிவிடும். எடுத்தால் மறுபடி தப்பு. பேய் பிசாசு ஒன்றும் இல்லை. பிரின்ட்டைக் கூப்பிட வேண்டியிருப்பதால் கம்பைலர் ரெஜிஸ்டர்களைக் காலி செய்து எல்லாவற்றையும் மெமரியில் இறக்குகிறது. ஜிசிசியின் பிழைப் பட்டியலில் 323 என்ற எண்ணில் 2000-இல் பதிவான புகார் இதைப் பற்றியதுதான். அதே புகாரை ஆளாளுக்குப் புதிதாகக் கண்டுபிடித்து எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

லேபேக் என்ற நேரியல் இயற்கணித லைப்ரரிக்காரர்கள் இதை முன்பே அறிந்திருந்தார்கள். 1992-இல் வெளிவந்த அது, மெஷினில் எத்தனை கட்டங்கள் என்பதை ஓடும்போதே சோதித்துத் தெரிந்துகொள்ளும். 1-உடன் மேலும் மேலும் சிறிய எண்ணைக் கூட்டி, எப்போது 1 மாறாமல் நிற்கிறது என்று பார்க்கும் வேலை. மனக்கணக்கில் பார்த்தால் 64 கட்டம் என்று தப்பாக விடை வரும். எனவே அதற்குள் டிலேம்சி3 என்று ஒரு குட்டி ஃபங்ஷன் வைத்தார்கள். இரண்டு எண்ணை வாங்கும், கூட்டும், திருப்பித் தரும், அவ்வளவுதான். இதற்கு எதற்குத் தனி ஃபங்ஷன் என்று சிரிப்பு வரும். எண்களை ரெஜிஸ்டரில் வைத்துக்கொள்ளாமல் சேமிக்கச் செய்வதற்கு என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. அந்த ஃபைலை மட்டும் வேக முயற்சி எதுவும் இல்லாமல் கம்பைல் செய் என்று தனி அமைப்பும் வைத்தார்கள். பின்னாளில் ஃபோர்ட்ரான் மொழியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழிக்கு மாறினார்கள்.

பேரேட்டில் இறக்குவதும் முழு மருந்தல்ல. 2.349-ஐ ஒரு தசம இடத்துக்கு நேராக ரவுண்ட் செய்தால் 2.3. முதலில் இரண்டு இடத்துக்குச் செய்து 2.35 என்று எழுதி, பிறகு ஒரு இடத்துக்குச் செய்தால் 2.4. மனதில் ஒரு தடவை, பேரேட்டில் ஒரு தடவை என்று இரண்டு முறை ரவுண்ட் ஆவதால் வரும் வித்தியாசம் இது. அதனால்தான் பைத்தான்காரர்கள், டேவிட் கேயின் அதே கோடை 3.1 பதிப்பில் சேர்த்தபோது, அது ஓடும் சமயத்தில் மட்டும் சிப்பையே 53 கட்டத்துக்கு மாற்றிவிட்டு, முடிந்ததும் பழையபடி வைக்கும் ஏற்பாடு செய்தார்கள். 32 பிட் ஃப்ரீபிஎஸ்டி தொடக்கத்திலேயே 53-இல் வைக்கும். லினக்ஸ் 64-இல் விடும். ஒரே கோடு, ஒரே சிப், இரண்டு விடை.

2000 கடைசியில் பென்டியம் 4-உடன் வந்த எஸ்எஸ்இ2 கட்டளைகளில் இந்த மனக்கணக்கே இல்லை. டபுள் என்றால் உள்ளேயும் 53, வெளியேயும் 53. 64 பிட் இன்டெல் வகைக் கணினிகள் இதைத்தான் வழக்கமாகப் பயன்படுத்துகின்றன. எண்ணைக் கண்டிப்பாக விதிப்படி கணக்கிடு என்று சொல்ல ஜாவாவில் தனியாக ஒரு சொல்லே இருந்தது. 2021-இல் வந்த ஜாவா 17-இல் எல்லாமே கண்டிப்பு என்றாகி அந்தச் சொல்லுக்கு வேலை இல்லாமல் போனது. கதை முடிந்தது என்று எல்லோரும் பெருமூச்சு விடும் நேரத்தில் புதிதாக ஒன்று பரவிவிட்டது.

பெருக்கிக் கூட்டு என்ற இரண்டு வேலையை ஒரே கட்டளையாக, ஒரே தடவை மட்டும் ரவுண்ட் செய்து முடிப்பது, எஃப்எம்ஏ என்பார்கள். வேகம் கூடும், பெரும்பாலும் துல்லியமும் கூடும். x-இன் வர்க்கத்தில் y-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுக்கும் ஒரு வரியை நான்கு கட்டத்தில் பார்ப்போம். x-உம் y-உம் 1.113. பழைய முறையில் இரண்டும் 1.239 என்று ரவுண்ட் ஆகும், கழித்தால் 0, மூலமும் 0. எஃப்எம்ஏயில் y-இன் வர்க்கம் மட்டும் 1.239 என்று ரவுண்ட் ஆகும். x-இன் வர்க்கம் ரவுண்ட் ஆகாமல் 1.238769 என்று முழுசாக நிற்கும். கழித்தால் மைனஸ் 0.000231. அதற்கு வர்க்கமூலம் கேட்டால் நேன். தனித்தனியாக எடுத்தால் துல்லியம் கூடியிருக்கிறது, ஆனால் சமச்சீர் போய்விட்டது. அந்தச் சமச்சீரை நம்பித்தான் லைப்ரரி எழுதியவர் மைனஸ் வருமா என்று சோதிக்காமல் விட்டிருப்பார்.

64 பிட் ஆர்ம் சிப்புகளில் எஃப்எம்ஏ அடிப்படையிலேயே உண்டு. இன்டெல் வகையின் அடிப்படை 64 பிட் தொகுப்பில் இல்லை. ஜிசிசி தன் வழக்கமான போக்கில், இருந்தால் பயன்படுத்திக்கொள்ளும். கிளாங்கும் 2022-இல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து ஒரே கோவைக்குள் இருந்தால் சேர்த்துவிடுகிறது. இன்டெல் மெஷினில் பச்சை விளக்கு எரிந்த சோதனைகள் ஆர்ம் மெஷினில் சிவப்பாவது பெரும்பாலும் இதனால்தான். அப்போது பலர் செய்வது, சோதனையில் அனுமதிக்கும் வித்தியாசத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடுவது. சில இடங்களில் அது நியாயமானதே. ஆனால் எந்த வரி மாறியது என்று தெரியாமல் அப்படிச் செய்வது, வீட்டில் கேஸ் வாடை வருகிறது என்று ஊதுபத்தி ஏற்றுகிற காரியம். எஃப்எம்ஏயை அணைத்து ஒரு தடவை கம்பைல் செய்து பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். அதுதான் காரணம் என்றால், அந்த ஃபைலுக்கு மட்டும் அணைத்து வைக்கலாம். அல்லது மைனஸ் வந்தால் பூஜ்ஜியமாக்கும் ஒரு வரியைச் சேர்க்கலாம். மொத்த லைப்ரரிக்கும் அணைத்தால் வேகத்தை வீணாக இழப்போம்.

லைப்ரரி வைத்திருப்பவர்கள் செய்யக்கூடிய இன்னொன்று, கம்பைலர் என்ன போக்கில் இருக்கிறது என்று அதையே கேட்பது. ஜிசிசியும் கிளாங்கும் ஃபாஸ்ட்-மேத் போட்டால் அதற்கென ஓர் அடையாளத்தை வைக்கும். அந்த அடையாளம் தென்பட்டால் கம்பைல் ஆகாமலே நின்றுவிடும்படி ஃபைலின் தலையில் ஒரு வரி எழுதலாம். அதுவும் போதவில்லை என்றால் கையோடு வைத்துக்கொள்ள ஒரு சின்னச் சோதனை: 9007199254740992-இல் தொடங்கி 1-ஐப் பத்து தடவை கூட்டுங்கள், முதலில் சாதாரணமாக, பிறகு காஹன் முறையில். தொடக்க எண்ணையும் அந்த 1-ஐயும் வெளியிலிருந்து படியுங்கள், இல்லாவிட்டால் கம்பைலர் உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டுவிடும். சாதாரணக் கூட்டல் அசையாமல் 9007199254740992-இலேயே நிற்க வேண்டும்; காஹன் கூட்டல் 9007199254741002 தர வேண்டும். முதல் விடையும் 9007199254741002 என்று ‘சரியாக’ வந்தால் சந்தோஷப்படாதீர்கள்; மனக்கணக்கு நடக்கிறது, அல்லது கூட்டும் வரிசையை யாரோ மாற்றியிருக்கிறார்கள்.